கொள்ளுத்தாத்தாவுக்குப் பழுப்பு ஏற்றியது

பழுப்பர் உலகத்து மக்களை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்: தாம், மற்றவர்கள். மற்றவர்களை மேற்கொண்டு பிரிக்க அவருக்கு நேரம் இருந்ததில்லை. ஆனாலும் ஸ்டூடியோவில் வேலை நடக்க வேண்டுமே என்பதற்காக, போனால் போகிறது என்று மூன்று தட்டுகளாக அடுக்கியிருந்தார். படம் எடுக்கிறவன் ஒரு பொத்தானை அமுக்குகிறான். அழைப்பு மணி அடிக்கத் தெரிந்த எவனும் அதைச் செய்வான். படத்தில் இருக்கிறவன் ஆடாமல் உட்கார்ந்திருக்கிறான். மூட்டை அதைவிட ஒழுங்காக உட்காரும். படத்தை அலசுகிறவன் தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவுகிறான். வாத்து செய்கிற வேலை, அதற்கு வாத்து சம்பளம் கேட்பதில்லை.

அலசுகிறவன் அவருடைய மச்சினன். மனைவியின் கூடப்பிறந்த தம்பி. நாற்பத்தைந்து வயது, முன்வழுக்கை, எதைச் சொன்னாலும் கோபித்துக்கொள்ளாத முகம். அந்த முகத்தைப் பார்த்தாலே பழுப்பருக்குக் கோபம் வரும்.

பழுப்பருக்கு அந்தப் பெயர் வந்தது வேலையால். கறுப்பு வெள்ளைப் படங்களுக்குப் பழுப்பு நிறம் ஏற்றுவதுதான் அவர் தொழில். அச்சுப் போட்டு, படத்தை நிலைக்கவைக்கிற ஹைப்போ மருந்தில் ஊறப்போட்டு, அலசி முடித்த படத்தை முதலில் ஒரு மஞ்சள் தண்ணீரில் போடுவார். படத்திலுள்ள கறுப்பெல்லாம் வெளிறிப்போய், வைக்கோல் நிறத்தில் ஆவி மாதிரி ஒரு தடம் மட்டும் மிஞ்சும். முதல்முறை பார்க்கிறவர்கள் படம் போயிற்று என்று கத்துவார்கள். பிறகு அதே படத்தை இரண்டாவது தட்டிலிருக்கும் நாற்றத் தண்ணீரில் போடுவார். அரை நிமிடத்தில் போன ஆள் திரும்பி வருவார், இந்த முறை பழுப்பு நிறத்தில், வயது நூறு கூடி.

நாற்றத் தண்ணீர் என்றால் சும்மா இல்லை. கூடை முட்டை ஒன்றாக அழுகினால் வருகிற நாற்றம். அதை இருட்டறைக்குள் வைத்தால் பெட்டியிலிருக்கும் தாள்களுக்குக்கூட ஆவி பட்டு அவை கெட்டுவிடும். அதனால் பழுப்பரின் தட்டுகள் இருட்டறைக்குப் பின்னாலிருந்த சின்ன முற்றத்தில், வெளிச்சத்தில், ஒரு சிமெண்டு மேடைமேல் இருந்தன. நாற்றம் நேராக மாடிக்குப் போகும். மாடியில் ஒரு பல் டாக்டர். வருகிற நோயாளிகள் எல்லாரும் அது தங்கள் வாய்தான் என்று நினைத்து, ஒரு பல்லுக்கு வந்தவர்கள் நான்கு பல்லைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். டாக்டர் பழுப்பரைப் படிக்கட்டில் பார்த்தால் எழுந்து நின்று வணக்கம் சொல்வார். படிக்கட்டில் எதற்கு உட்கார்ந்திருந்தார் என்று யாரும் கேட்டதில்லை.

பழுப்பரின் கைவண்ணம் அப்படிப்பட்டது. ஒருமுறை ஒரு மனிதர் தம்முடைய படத்தை வாங்கத் தாமே நேரில் வந்தார். ஸ்டூடியோ முதலாளியம்மா படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்க தாத்தாவா? பாவம், நல்ல மனுஷன் மாதிரி இருக்காரு, எப்ப தவறினாரு?" என்று கேட்டார். அந்த மனிதர் வீடுவரைக்கும் தம் சாவுக்குத் தாமே அழுதுகொண்டு போனார். இதைப் பழுப்பர் நூறு முறை சொல்லியிருக்கிறார். முதலாளியம்மா ஒருமுறைகூட மறுத்ததில்லை, கேட்டுக்கொண்டிருந்தால்தானே மறுப்பதற்கு.

இந்தக் கைவண்ணத்துக்கு ஒரு சான்றிதழ் இருந்தது. முப்பத்தோரு வருடத்தில் பழுப்பர் கையில் ஒரு படம் கெட்டதில்லை. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் அவர் உலகத்தைக் கீழே பார்த்தார். மற்றவர்களிடம் இல்லாத ஒன்று தம்மிடம் இருக்கும்வரை மற்றவர்களைத் திட்டுவதற்கு உரிமம் இருக்கிறது என்பது அவர் கணக்கு.

ஒரு நாள் காலையில் அந்த உரிமத்தை வழக்கம்போல எடுத்துக் காட்டினார்.

"முப்பத்தோரு வருஷம்டா மாப்ளே. இந்தக் கையில ஒரு படம், ஒரே ஒரு படம் கெட்டிருக்கா, சொல்லு."

"இல்ல அத்தான்."

"ஏன் கெடல?"

மச்சினன் தொட்டியிலிருந்து கையை எடுக்காமலே சொன்னான்: "நான் நல்லா அலசறதால அத்தான்."

பழுப்பர் மூங்கில் இடுக்கியைக் கீழே வைத்தார்.

"என்னது?"

"பன்னண்டு மாத்து தண்ணி. ஹைப்போ கொஞ்சம் மிச்சமிருந்தாக்கூட உங்க மஞ்சத் தண்ணி அதோட சேர்ந்துக்கிட்டு படத்தையே தின்னுடும். அப்புறம் எந்தத் தண்ணியில போட்டாலும் திரும்பி வராது. நான் ஹைப்போவைப் போக்கிக் குடுக்கறேன். நீங்க போட்டு எடுக்கறீங்க."

"போட்டு எடுக்கறேனா! நான் என்ன வடிகட்டியா?"

"கோச்சுக்காதீங்க அத்தான், கேட்டீங்க, சொன்னேன்."

"கேட்டுக்க. என் கையில என்னைக்கு ஒரு படம் கெடுதோ, அன்னைக்கே இந்த இடுக்கியை உன் கையில குடுத்துட்டு அந்தத் தொட்டிகிட்ட நான் போய் நிக்கறேன். நீ பழுப்பேத்து, நான் அலசறேன். போதுமா?"

"நான் சாட்சி," என்று முன்னறையிலிருந்து முதலாளியம்மாவின் குரல் வந்தது. பழுப்பரின் கதைகளை அவர் காதில் வாங்குவதில்லை. இப்படிப்பட்டதை மட்டும் இரண்டு சுவர் தாண்டிக் கேட்பார்.

வீட்டுக்குப் போய்ப் பழுப்பர் மனைவியிடம் முறையிட்டார். "வாத்துக்கு இருக்கிற அடக்கம்கூட உன் தம்பிக்கு இல்ல." அவர் மனைவி சொன்னது இவ்வளவுதான்: "வாத்தாவது தண்ணியிலயே இருக்கு, நாத்தம் இல்ல. முதல்ல கையைக் கழுவிட்டு வாங்க."

அந்த வாரம்தான் ஆணிக்கடைக்காரர் வந்தார்.

ஆணி, திருகு, கீல், தாழ்ப்பாள் என்று இரும்பில் எது உண்டோ அதெல்லாம் விற்கிறவர். கடை தொடங்கிப் பதினொரு வருடம். இப்போது அதைப் பெரிதாக்கிக் கட்டி, வாசலில் "நான்கு தலைமுறைப் பாரம்பரியம்" என்று பலகை எழுதி வைத்திருந்தார். பலகை வந்துவிட்டது. தலைமுறைகள்தான் வரவில்லை.

"என்ன பிரச்சினைன்னா," என்று அவர் முதலாளியம்மாவிடம் குரலைத் தாழ்த்தினார், "திறப்பு விழாவுக்குக் கல்லாவுக்குப் பின்னாடி எங்க கொள்ளுத்தாத்தா படம் வேணும். படம்னு ஒண்ணு இல்ல."

"தாத்தா படம் இருக்கா?"

"அதுவும் இல்ல."

"அப்பா படம்?"

"அது இருக்கு. ஆனா பஸ் கண்டக்டர் சட்டையோட இருக்கு. பையும் விசிலும்கூட. அதை மாட்ட முடியுமா, நீங்களே சொல்லுங்க."

தீர்வையும் அவரே கொண்டுவந்திருந்தார். நீளக் கோட்டு, கைத்தடி, சங்கிலிக் கடிகாரம், காது வரைக்கும் போகிற ஒட்டுமீசை. அவரே கொள்ளுத்தாத்தாவாக உட்கார்ந்தார். செதுக்கிய கைப்பிடி வைத்த நாற்காலி ஸ்டூடியோவிலேயே இருந்தது. படம் எடுக்க வருகிற பாதிப் பேருக்கு அதுதான் பூர்வீகச் சொத்து. இருபது அங்குலத்துக்கு இருபத்துநாலு அங்குலத்தில் ஒரு பெரிய படம், பழுப்பு நிறத்தில். அந்த அளவுத் தாள் பெட்டியில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அடுத்த பார்சல் திறப்பு விழா முடிந்து இரண்டு வாரம் கழித்து வரும்.

பழுப்பர் கதவிடுக்கில் நின்று இதையெல்லாம் பார்த்தார். துப்புவதற்கு இடம் தேடினார், அகப்படவில்லை. தமக்குத் தாமே கொள்ளுப்பேரனாகப் பிறந்த ஒரு மனிதரை அவர் அதுவரை பார்த்ததில்லை.

"டேய் மாப்ளே, விசில் ஊதி ஊரைக் கரை சேர்த்த மனுஷனை மறைச்சுட்டு, மீசையை ஒட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கு பாரு ஒரு ஜென்மம். இதுக்குப் பழுப்பேத்தணுமாம்."

"ஏத்திடுங்க அத்தான். நமக்கென்ன."

"நமக்கென்னவா? என் கை படணும்டா அதுல!"

திறப்பு விழா அன்று காலை படம் அச்சாகி, ஹைப்போவிலிருந்து எழுந்து, மச்சினனின் தொட்டிக்குள் மல்லாந்து கிடந்தது. மாலை நான்கு மணிக்கு விழா. மூன்று மணிக்கு ஆணிக்கடைக்காரர் வருவார்.

மச்சினன் அலசுவதைப் பார்ப்பதே அலுப்பு. தண்ணீரை வடிப்பான், நிரப்புவான், படத்தைத் திருப்புவான், மறுபடி வடிப்பான். வாய்க்குள் எதையோ எண்ணிக்கொண்டே இருப்பான். பெரிய படம் தொட்டியில் இருக்கும்போது அதனுடன் வேறு ஒரு துண்டுத் தாள்கூடச் சேரவிடமாட்டான். ஊறிய தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய இடத்துக்குள் தண்ணீர் போகாது என்பான். எட்டாவது மாற்றுத் தண்ணீர் நிரப்பிவிட்டு அவன் எழுந்தான்.

"அத்தான், குழாய்க்கடைக்காரன்கிட்ட நம்ம குழாய்க்கு வாஷர் வாங்கிட்டு வந்துடறேன். ஒழுகுது. தொட்டியில யாரும் எதையும் போட்டுடாதீங்க."

"தண்ணிக்குக் காவல் வேற போடணுமா? போடா."

மச்சினன் தலை மறைந்ததும் பழுப்பர் இருட்டறைக்குள் போனார். அங்கே ஹைப்போத் தட்டில் அவருடைய சொந்த வேலை ஒன்று ஊறிக்கொண்டிருந்தது. அது அஞ்சலட்டை அளவில் அவருடைய படம். கையில் இடுக்கி, கண்ணில் இளக்காரம். இதைப் பழுப்பாக்கி, சட்டம் போட்டு, "முப்பத்தோரு ஆண்டுகள், ஒரு படமும் கெடாத கை" என்று அடியில் எழுதி, முன்னறைக் கண்ணாடி அலமாரியில் தாமே வைத்துவிட உத்தேசம். யாராவது வைப்பார்கள் என்று காத்திருந்து அவருக்கு அலுத்துவிட்டது.

அதை அலச வேண்டும். தொட்டி ஒன்றுதான். மச்சினனிடம் கொடுத்தால் சிரிக்கமாட்டான், அதுதான் தாங்காது. பழுப்பர் ஹைப்போ சொட்டச் சொட்டத் தம் படத்தைக் கொண்டுவந்து தொட்டிக்குள் கவிழ்த்துப் போட்டார். அது மிதந்து, இறங்கி, ஒரு இடம் பார்த்துப் படிந்தது. பழுப்பர் பார்க்கவில்லை. வாத்து வேலையை நின்று வேடிக்கை பார்க்கிற ஆளா அவர்? முற்றத்துக்குப் போய் மருந்து கலக்கினார்.

முக்கால் மணி நேரம் கழித்து, மச்சினனின் செருப்புச் சத்தம் தெருவில் கேட்டதும், ஓடிவந்து தம் படத்தை உரித்து எடுத்தார். உரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அதைப்பற்றி யோசிக்க நேரமில்லை. மருந்து அலமாரிக்குப் பின்னாலிருந்த கண்ணாடிப் பலகையில் அதை ஒட்டிக் காயவிட்டார். பெரிய படத்தையும் தாமே தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.

"அத்தான், இன்னும் நாலு மாத்து பாக்கி இருக்கு!"

"உன் எண்ணிக்கையை நீயே வச்சுக்க. மணியைப் பாரு."

மஞ்சள் தண்ணீரில் கொள்ளுத்தாத்தா இறங்கினார். அந்தச் சமயத்தில் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பழுப்பர் பார்க்கவில்லை. தட்டை இடது கையால் ஆட்டிக்கொண்டே மச்சினன் பக்கம் திரும்பி, எண்ணத் தெரிந்தவன் எல்லாம் கணக்கு வாத்தியார் ஆகிவிட முடியாது என்பதை விளக்கிக்கொண்டிருந்தார். படம் வெளிறியதும், வெளிறியதுதானே என்று எடுத்து, நல்ல தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, நாற்றத் தண்ணீரில் விட்டார்.

கோட்டு வந்தது. அடடா, அப்படி ஒரு பழுப்பு அவர் கையிலேயே அதுவரை வந்ததில்லை. தோலும் தேனும் கலந்த நிறம். கைத்தடி வந்தது, அதன் பூண் வந்தது. கடிகாரச் சங்கிலி கண்ணி கண்ணியாக வந்தது. நாற்காலியின் செதுக்கல் ஒவ்வொன்றும் வந்தது.

முகம் வரவில்லை.

பழுப்பர் தட்டை ஆட்டினார். அரை நிமிடம். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். கழுத்துப்பட்டிக்கு மேலே வெள்ளை. சும்மா வெள்ளை இல்லை, அளவெடுத்து வெட்டியது மாதிரி நாலு மூலையும் சரியாக இருக்கிற ஒரு நீள்சதுர வெள்ளை. அதன் ஒரு மூலை வலது காதை மட்டும் விட்டுவைத்திருந்தது. கோட்டுக்கு மேலே ஒரு ஜன்னல், ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு காது.

"அத்தான்," என்றான் மச்சினன் மெதுவாக.

"இரு. வரும்."

"வராது அத்தான். மஞ்சத் தண்ணி தின்னுடுச்சு."

"நீ சரியா அலசியிருந்தா தின்னுமா?" பழுப்பரின் குரல் எகிறியது. "அம்மா! இங்க வந்து பாருங்க, உங்க அலசல்காரர் லட்சணத்தை! முப்பத்தோரு வருஷத்துப் பேரைக் கெடுத்துட்டான்!"

முதலாளியம்மா வந்தார். படத்தைப் பார்த்தார். புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுபடி பார்த்தார். மச்சினன் குனிந்து, அந்த வெள்ளைச் சதுரத்தின்மேல் கையை விரித்து அளந்தான். பிறகு உள்ளே போய், அந்த அளவில் தாள் ஏதாவது காய்கிறதா என்று தேடினான். மருந்து அலமாரிக்குப் பின்னால் கண்ணாடிப் பலகையில் ஒட்டியிருந்ததை அலுங்காமல் எடுத்துக்கொண்டு வந்தான். வெள்ளைச் சதுரத்துக்கு மேலே பிடித்தான். நாலு மூலையும் பொருந்தின. கோட்டும் கைத்தடியும் வைத்துக்கொண்டு, இளக்காரக் கண்ணோடு, நாற்காலியில் பழுப்பர் உட்கார்ந்திருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் முதலாளியம்மா.

"அது வேற," என்றார் பழுப்பர். "அது அலசி முடிச்ச படம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அலசி முடிச்சதுதானா அத்தான்?"

"ஆமான்னு சொல்றேன்ல?"

"அப்ப ஒண்ணும் ஆகாது," என்று சொல்லி மச்சினன் அந்தப் படத்தை மஞ்சள் தண்ணீரில் விட்டான்.

மூன்று பேரும் தட்டைச் சுற்றி நின்றார்கள். முதலில் இடுக்கி போயிற்று. பிறகு சட்டை. பிறகு கன்னங்கள் கரைந்து, நெற்றி கரைந்து, கண்கள் மட்டும் கொஞ்ச நேரம் தட்டிலிருந்து அவர்களை இளக்காரமாகப் பார்த்தன. அப்புறம் அவையும் இல்லை. வைக்கோல் நிறத் தடம்கூட மிஞ்சவில்லை. வெறும் ஈரத்தாள். தம் முகம் மச்சினன் முன்னால் கரைந்து போவதைப் பார்க்கக் கிடைத்தவர்கள் உலகத்தில் அதிகம் இருக்கமாட்டார்கள். அந்த விஷயத்திலும் பழுப்பர் மற்றவர்களைவிட ஒரு படி மேல்தான்.

பழுப்பர் அந்த ஈரத்தாளை இடுக்கியால் திருப்பிப் பார்த்தார். பிறகு, "கெட்டுடுச்சா?" என்று கேட்டார். அவர் கேட்டது பெரிய படத்தை.

முதலாளியம்மா வியாபாரி. "அதை நீங்களும் நானும் சொல்ல முடியாது. மூணு மணிக்கு அவர் வருவாரு. வாங்கிக்கிட்டா கெடல. வேணாம்னா கெட்டுது. கெட்டா இடுக்கி கை மாறும். நான் சாட்சின்னு சொல்லியிருக்கேன்."

மூன்று மணி வரைக்கும் பழுப்பர் சாப்பிடவில்லை. முற்றத்தில் உட்கார்ந்து இடுக்கியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். முப்பத்தோரு வருடம். ஆணிக்கடைக்காரர் ஒரு "சீ" சொன்னால் போயிற்று. அந்த மனிதர் "சீ" சொல்லக்கூடாதே என்று வேண்டிக்கொள்ளுமளவுக்குத் தம் நிலைமை வந்துவிட்டதை நினைத்து அவருக்கே தம்மேல் இளக்காரமாக இருந்தது. மச்சினன் பக்கத்தில் சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டுப் போனான். அதற்கும் அவர் திட்டினார்.

ஆணிக்கடைக்காரர் புதுச் சட்டையோடு வந்தார். படம் முன்னறையில் சட்டத்துக்குள், துணி மூடி நின்றது, அதன் பக்கத்தில் பழுப்பரும் மச்சினனும். முதலாளியம்மா துணியை எடுத்தார். ஏதோ சொல்லத் தொடங்கினார். ஆணிக்கடைக்காரர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

பார்த்துக்கொண்டே நின்றார். அவர் கண்கள் கலங்கின.

"அம்மா," என்றார், "இதுதாம்மா பழசு."

முதலாளியம்மா பழுப்பரைத் திரும்பிப் பார்த்தார்.

"முகமே அழிஞ்சுபோற அளவுக்குப் பழசு! நான் பயந்துக்கிட்டே இருந்தேன். நேத்து வீட்டுல நீங்க குடுத்த சின்ன மாதிரிப் படத்தைக் காட்டறேன், என் பேத்தி எல்லார் முன்னாடியும் 'தாத்தா எதுக்கு மீசை ஒட்டிக்கிட்டிருக்காரு'ன்னு கேட்டுட்டா. கடைக்கு வர்றவன் கேக்கமாட்டானா? இப்ப எவன் கேப்பான்? முகம் இருந்தாத்தானே!" படத்திலிருந்த காதைத் தொட்டுப் பார்த்தார். "காது மட்டும் விட்டிருக்கீங்க. எங்க குடும்பத்துக் காது. எப்படி சார் உங்களுக்குத் தோணுச்சு?"

"சார்," என்றார் பழுப்பர்.

"சொல்லுங்க."

"இது கெட்டுப்போன படம்."

முதலாளியம்மா அவர் காலை மிதித்தார். பழுப்பர் காலை இழுத்துக்கொண்டார்.

"கெட்டதா? சும்மா இருங்க சார். இதைவிட அசலா எங்க கொள்ளுத்தாத்தா நேர்ல வந்தாக்கூட இருக்கமாட்டாரு."

"ஹைப்போ போகல சார். நான் என் படத்தை அது மேல போட்டுட்டேன். ஒட்டிக்கிச்சு. உங்க மூஞ்சியை மருந்து தின்னுடுச்சு. ஒண்ணாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைகூட இது கெட்டதுன்னு சொல்லும்."

"பெரிய கலைஞர்களே இப்படித்தாம்மா," என்று ஆணிக்கடைக்காரர் முதலாளியம்மாவிடம் சொன்னார். "தன் வேலையைத் தானே குறை சொல்லிக்குவாங்க. என்ன அடக்கம் பாருங்க."

பழுப்பரை அடக்கமானவர் என்று அதுவரை யாரும் திட்டியதில்லை. அவருக்குக் கழுத்து வரைக்கும் சிவந்தது.

"அடக்கம் இல்ல சார், கண்ணு! கண்ணு இருந்தா பாருங்க! அங்க ஒரு ஓட்டை இருக்கு! ஓட்டையைக் காசு குடுத்து வாங்கறீங்க!"

"அத்தான்," என்று மச்சினன் அவர் முழங்கையைப் பிடித்தான். "அவர்தான் வாங்கிக்கறேங்கிறாரே. விடுங்க. கெடலன்னே இருக்கட்டும்."

"நீ சும்மா இருடா! உனக்குமா தெரியல?"

"தெரியுது அத்தான். அதனாலதான் விடுங்கங்கிறேன்."

ஆணிக்கடைக்காரர் படத்தைக் குழந்தையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். வாசலில் நின்று திரும்பி, தாள் பார்சல் வந்ததும் கொள்ளுப்பாட்டிக்கும் ஒன்று போடச் சொன்னார். "அவங்க இன்னும் ரெண்டு வருஷம் மூத்தவங்க. இன்னும் கொஞ்சம் அதிகமா அழிச்சுடுங்க."

முதலாளியம்மா மூச்சு விட்டார். "வாங்கிக்கிட்டாரு. கெடல. முப்பத்தோரு வருஷமும் பத்திரம். போய்ச் சாப்பிடுங்க."

பழுப்பர் போகவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பத்தோரு வருடத்தில் எத்தனை பேர் அந்த வாசல் வழியாக அவர் படங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போயிருப்பார்கள்! ஒருவரும் திருப்பிக் கொடுத்ததில்லை என்பதுதான் அவருடைய சான்றிதழ். அந்தச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டவர்கள் யார்? எல்லாரும் இந்த ஆணிக்கடைக்காரரை மாதிரிதான். மூட்டைகள். மூட்டைகள் கொடுத்த பட்டத்தை வைத்துக்கொண்டா இத்தனை வருடம் மூட்டைகளைத் திட்டிக்கொண்டிருந்தோம்? மச்சினனிடம் தோற்பதாவது ஒரு தொழில்காரனிடம் தோற்பது. இந்த மனிதரிடம் ஜெயிப்பதைவிட அது எவ்வளவோ கௌரவம்.

உள்ளே போனார். இடுக்கியை எடுத்துவந்து மச்சினன் கையில் வைத்தார்.

"அத்தான், அவர் வாங்கிக்கிட்டாரு."

"அவன் வாங்கினா? அவன் யாருடா என் படம் கெடலன்னு சொல்றதுக்கு? என் படம் கெட்டதா இல்லையான்னு எனக்குத் தெரியாதா? கெட்டுது. நான் கெடுத்தேன். பிடி."

முதலாளியம்மா இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துவிட்டு முன்னறைக்குப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து பழுப்பர் தொட்டியருகே நின்றார். முதல் நாள் குனிந்து குனிந்து இடுப்புப் பிடித்துக்கொண்டது. இரண்டாம் நாள் விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கின. மூன்றாம் நாள் அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது: பழுப்பு ஏற்றுகிறவர்கள் எல்லாரும் அரைகுறைகள். தட்டில் போட்டு ஆட்டுகிறார்கள், வந்ததை எடுக்கிறார்கள். தண்ணீர் எத்தனை மாற்று, ஒட்டியதா ஒட்டவில்லையா என்று எந்தக் கவலையும் கிடையாது. மச்சினன் பன்னிரண்டு மாற்று அலசினான் என்றால் இவர் பதினெட்டு. முற்றத்திலிருந்து "போதும் அத்தான், குடுங்க" என்று குரல் வந்தால், "இரு, உனக்கு அவசரம்னா நீயே வந்து துழாவு" என்பார். வாயில் எண்ணிக்கை இருப்பதால் வேறு எதுவும் சொல்லமாட்டார், முகம் சொல்லிவிடும்.

தாள் பார்சல் வந்தது. கொள்ளுப்பாட்டியாக ஆணிக்கடைக்காரரின் சம்சாரம் வந்து உட்கார்ந்து போனார். படம் தொட்டிக்கு வந்ததும் முதலாளியம்மா அஞ்சலட்டை அளவில் ஒரு பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"அதே மாதிரி, மூஞ்சி மேல... ஹைப்போவுல முக்கி..."

"என் தொட்டியிலயா?" என்றார் பழுப்பர்.

முதலாளியம்மா அந்தத் தாளைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

பழுப்பர் அன்று இருபத்துநாலு மாற்று அலசினார். மச்சினன் முதன்முதலாக ஒரு பெரிய படத்துக்குப் பழுப்பு ஏற்றினான். தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் ஏற்றினான். வந்தது. நெற்றி, மூக்குத்தி, கன்னத்து மச்சம், கீழுதட்டின் கீழே ஒரு சின்ன அலட்சியம் என்று ஒன்று விடாமல் பாட்டி முழுசாக வந்துவிட்டார். மயிரிழை மயிரிழையாக எண்ணலாம்.

ஆணிக்கடைக்காரர் துணியை நீக்கிப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"என்ன சார் இது, மூஞ்சியோட இருக்கு? என் சம்சாரம் மாதிரியே இருக்கு! வேணாம், எடுத்துட்டுப் போங்க."

படத்தைத் தூக்கிக்கொண்டு மச்சினன் முற்றத்துக்கு வந்தான். மேடைமேல் சாய்த்து வைத்தான். முதல் படம். அதையே திருப்பிக் கொடுத்தாயிற்று.

"அத்தான். கெட்டுடுச்சா?"

பழுப்பர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்தார். வெளிச்சத்தில் படத்தைச் சாய்த்துப் பார்த்தார், கிட்டப் போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். பாட்டியின் கண்ணை ஒரு நிமிடம், மச்சத்தை ஒரு நிமிடம். மச்சினனின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அலசல் நல்லாருக்கு," என்று சொல்லிவிட்டுத் தொட்டிக்குப் போனார்.